திரையைப் பார்க்காதவள்

எதிரில் எவ்வளவு பெரிய திரை இருந்தாலும் அவள் அதைப் பார்க்க மாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணைத்தான் பார்ப்பாள். ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படங்களை மேடைக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாதாம் பால் குடித்தபடி கூட்டத்தைப் பார்த்தாள். "பொண்ணோட சித்தப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல" என்றாள் என் காதில். பந்தியில் அந்தச் சித்தப்பா இலையை மூடிவிட்டுப் பாதியில் எழுந்து போனார். எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் வயிறு எரிந்தது.

அவளோடு வேலை செய்த காலம் முழுக்க எனக்கு அந்த எரிச்சல் இருந்தது. அவள் நல்லவள். என் தோழி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊரப்பாக்கத்தில் அவள் ரயிலேறுவாள். தாம்பரத்தில் இறங்கி எனக்காகக் காத்திருப்பாள். இருவரும் கம்பெனி வேனில் சேர்ந்து போவோம். வேனில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்தத் தலையின் பாரம்கூட எனக்குப் பொறாமையாக இருக்கும். இவளால் மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது?

எங்கள் கம்பெனி திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் பெயிண்ட் அடிக்கும் யூனிட். நடுவில் குளிரூட்டிய எங்கள் கூடம். சின்னச் சின்ன லென்ஸ்களும் டிஸ்ப்ளேக்களும் செய்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு நாள் பெரிய வேலை வந்தது. விண்வெளி உடையின் ஹெல்மெட்டுக்குள் தெரிகிற டிஸ்ப்ளே.

விண்கலத்துக்கு வெளியே வந்து வேலை செய்பவர்கள் போடும் உடையில், ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம், அழுத்தம் எவ்வளவு என்பதை நெஞ்சில் உள்ள ஒரு பெட்டி காட்டும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து அதைப் பார்க்க முடியாது. அதனால் பெட்டியின் மேல் எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுதியிருப்பார்கள். மணிக்கட்டில் கட்டிய ஒரு சின்னக் கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும். இதை முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். ராக்கெட் விட்டவர்கள் கடைசியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நம்புகிறார்களா! அந்தக் கண்ணாடிக்கு வேலை இல்லாமல், படிக்க வேண்டியதெல்லாம் கண்ணெதிரே, ஹெல்மெட்டின் முன்பக்கத்திலேயே மிதக்கிற மாதிரி செய்ய வேண்டும். அதுதான் எங்களுக்கு வந்த வேலை.

அந்தப் பிம்பத்தை உருவாக்கும் ஒளியியல் பகுதி அவளுடையது. பிம்பத்தில் எது, எங்கே, எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பது என் பொறுப்பு. நான் சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவள். வங்கி, மருத்துவமனை என்று பல இடங்களுக்குத் திரை வடிவமைத்த பேர் எனக்கு இருந்தது. ஹெல்மெட்டுக்கும் அப்படித்தான் செய்தேன். நாலு மூலையிலும் எண்கள், கீழே வேலைப் பட்டியல், ஓரத்தில் ஓடுகிற வரைபடம். மானிட்டரில் போட்டுக் காட்டியதும் மேலாளர் கைதட்டினார்.

அவள் கைதட்டவில்லை. எங்கள் ஃபிட்டர் தாஸ் அண்ணனைக் கூப்பிட்டு மாதிரி ஹெல்மெட்டை மாட்டச் சொன்னாள். பிறகு அவருக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் மானிட்டரைப் பார்த்தோம். அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள்.

"அண்ணா, கைல இருக்கிற போல்ட்டை முடுக்கிக்கிட்டே ஆக்சிஜன் எவ்ளோன்னு சொல்லுங்க."

"தோ இங்க கீது பாரு... எண்பது."

"அது பேட்டரி அண்ணா."

"அப்ப இது... இரும்மா, எங்க போச்சி அது? இன்னாம்மா இது, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு மாதிரி கீது, எல்லாம் எரிஞ்சிகினு!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தாள். "ஹெல்மெட் உடையோட சேர்ந்து இறுகி நிக்குதுடி. தலைதான் உள்ள திரும்புது. அவர் கையைப் பாக்கணும்னு தலையைத் திருப்பினா உன்னோட ரெண்டு மூலை அவருக்குக் காணாம போகுது. திரும்பத் திரும்ப அவர் கண்ணு அதைத் தேடிக்கிட்டே இருந்தது. நான் பாத்தேன்."

அவள் சொன்னது சரி. அது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அன்று ஹெல்மெட்டை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில வாரங்களில் என் டிஸ்ப்ளே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. வரைபடம் போயிற்று. நிறங்கள் போயின. கடைசியில் பார்வைக்குச் சற்றுக் கீழே ஆக்சிஜன், அழுத்தம், அடுத்த வேலை என்று மூன்றே வரிகள் மிஞ்சின. எழுத்து பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால் கண் ஒவ்வொரு தடவையும் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறி மாறிச் சோர்ந்துவிடும் என்று, பிம்பம் வெகு தூரத்தில் நிற்பது போல் லென்ஸை அவள் அமைத்திருந்தாள். நானும் போட்டுப் பார்த்தேன். என் எழுத்துகள் எதிர்ச் சுவரையும் தாண்டி எங்கோ அமைதியாக நின்றன. அழகாக இருந்தது. "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டிலும் அவளிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழி இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அம்மா பரிமாறினாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஊறுகாய் எடுக்க ஏன் தலையை அவ்வளவு திருப்பறீங்க?"

"கழுத்து வலிம்மா, வயசாச்சில்ல."

"கழுத்து இல்ல ஆன்ட்டி. என் மூக்கையே பாருங்க. இப்ப என் கை தெரியுதா? இப்ப?"

அம்மாவின் இடது பக்கத்தில் அவள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் போனைக் கீழே வைத்தேன். மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை குறைந்துகொண்டு வந்திருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நடுப் பார்வையும் போயிருக்கும், இனி சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். போன பார்வை போனதுதான். ஒரே வீட்டில் இருந்தவள் நான். கண்டுபிடித்தவள் விருந்துக்கு வந்தவள்.

அன்று முதல் அம்மாவின் ஜெபத்தில் அவள் பெயர் வர ஆரம்பித்தது. அதுவும் என் பெயருக்கு முன்னால். கர்த்தரிடம்கூட அவள்தான் முதலில் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைப்பேன்.

இதற்கெல்லாம் பதிலாக நான் ஒன்று செய்தேன். அவளுடைய வேலையில் தப்பைத் தேடினேன். யாரும் கேட்காமல், வேறு யாருக்கும் இல்லாத சிரத்தையோடு தேடினேன். சூரியன் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று அவள் எழுதியிருந்தாள். நான் பெரிய விளக்கு ஒன்றை வாங்கிவரச் செய்து, ஹெல்மெட்டைச் சுற்றி ஒவ்வொரு கோணத்திலும் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் இடது தோளுக்கு மேலே ஒரு கோணத்தில் விளக்கு வந்தபோது, மூன்று வரிகளுக்குக் கீழே மங்கலாக இன்னொரு மூன்று வரிகள் தெரிந்தன. பேய் மாதிரி இரட்டைப் பிம்பம். ஒன்பது என்பது எட்டு போலத் தெரிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விளக்கையும் பிடித்திருக்க மாட்டேன்.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டினேன். அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். அவள் ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது... ஆங், வந்துடுச்சு!" என்று உள்ளிருந்தே கத்தினாள். கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு. "நல்லவேளை சார், இவ பாத்தா. நான் விட்டுட்டேன். மேல போனப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" அடுத்த முறை வரைபடங்கள் வந்தபோது திருத்தத்துக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தாள். நான் ஜெயித்ததையும் அவளே எடுத்து எனக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஆளை வைத்துச் சோதிக்கும் கட்டம் வந்தது. வேலை கொடுத்த இடத்திலிருந்து சில அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. சோதனைக்காகச் செய்த உடை சிறிய அளவு. எங்கள் இருவருக்கும்தான் பொருந்தியது. மேலாளர் யோசிக்கவே இல்லை, அவளைத்தான் சொன்னார்.

"நான் உள்ள போனா வெளிய யார் சார் பாக்கறது?" என்றாள் அவள். "இவ போகட்டும். நான் எதிர்ல நிக்கறேன்."

அப்படித்தான் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. உள்ளே போக யார் இருந்தாலும் போதும், வெளியே நிற்கத்தான் அவள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அந்த அர்த்தம் நன்றாகவே புரிந்தது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த உடைக்குள் போக எனக்கு அவ்வளவு ஆசை.

தாஸ் அண்ணன் கழுத்து வளையத்தில் ஹெல்மெட்டைப் பொருத்திக் கிளிப்பைத் திருகினார். "மேடம், மூச்சு நல்லா வருதா? எதுனா ஒரு மாதிரி இருந்தா கைய ஆட்டு. வெக்கப்படாத." வெளிச் சத்தம் நின்றது. காதில் என் மூச்சு மட்டும் கேட்டது. முதுகுப் பக்கம் ஒரு குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. எதிரே என் மூன்று வரிகள். அவற்றுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, அவள் முகம்.

வேலை எளிமையானதுதான். மண்டியிட்டு ஒரு பலகையில் உள்ள திருகுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். 'அடுத்து' என்று சொன்னால் மூன்றாவது வரியில் அடுத்த வேலை வரும். மானிட்டருக்கு முன்னால் அதிகாரிகள் நின்றார்கள். நான் நன்றாகவே செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே புழுக்கமாக இருந்தது. நெற்றிப் பொட்டில் ஒரு வலி. உடைக்குள் புழுங்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். கையை ஆட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எதிரே அவள் நின்றாள். ஆட்டவில்லை.

"ரெண்டாவது வரியைப் படி" என்றது அவள் குரல், காதில்.

"ஆக்சிஜன். எல்லாம் சரியா இருக்கு."

"அது முதல் வரி. ரெண்டாவது."

"அதான் சொன்னேனே... அழுத்தம். அதுவும் சரியா இருக்கு. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கற."

"என்னைப் பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லடி! என்னை வேலை செய்ய விடு!"

அவள் மேலாளரிடம் திரும்பிச் சோதனையை நிறுத்தச் சொல்வது அவள் மைக் வழியாகக் கேட்டது. அவர் தயங்கினார். "ரீடிங் எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"ரீடிங் பச்சையாத்தான் சார் இருக்கு. அவ சரியா இல்ல. அவ கண்ணு எழுத்து மேல நிக்கவே இல்ல. அண்ணா, கழட்டுங்க."

"சார், கழட்டவா?" என்று தாஸ் அண்ணன் கேட்டார். பதில் வருவதற்குள் அவள் கையே என் கழுத்து வளையத்துக்கு வந்துவிட்டது. கிளிப் திரும்பிய சத்தம் கேட்டது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

முதலில் நான் செய்தது அவளைத் திட்டியதுதான். அதிகாரிகள் முன்னால், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி. "உனக்குப் பொறுக்கல, நான் ஒழுங்கா செஞ்சா உனக்குப் பொறுக்கல" என்று கத்தியது நினைவிருக்கிறது. அடுத்த நொடி அவள் புடவையிலேயே வாந்தி எடுத்தேன். அவள் நகரவில்லை. என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மண்டியிட்டபோது இடுப்பருகே காற்றுக் குழாய் மடங்கியிருந்தது. நான் விட்ட மூச்சையே நான் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன். கெட்ட காற்றை அளக்கும் சென்சார், காற்று வெளியேறும் குழாயின் கோடியில் இருந்தது. காற்றே அங்கே போகாததால் அதற்கு எதுவும் தெரியவில்லை. அது அனுப்பியதை மானிட்டர் அப்படியே பச்சையில் காட்டியது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மயங்கி வுழுந்திருப்ப மேடம்" என்று தாஸ் அண்ணன் சோடா உடைத்துக் கொடுத்தார்.

என்னைக் காப்பாற்றியவளிடம் எனக்கு நன்றி வந்தது. பொய் இல்லை. ஆனால் அது வந்து, ஏற்கெனவே உள்ளே இருந்ததற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பொறாமையைத் துரத்தவில்லை. முன்பு அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவளால் உயிரோடு இருந்துகொண்டு பொறாமைப்பட்டேன்.

அதோடு முடியவில்லை. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். "பாத்தேன் சார், தெரிஞ்சுது" என்பதைத் தவிர அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்னக் கேமராவை வைத்து, போட்டிருப்பவரின் கண்ணைக் கவனித்து எச்சரிக்கை கொடுக்கச் செய்யலாமே என்றார்கள். அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. அவள் செய்வதை ஒரு இயந்திரத்துக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்! மாதக்கணக்கில் உழைத்தேன். இமை எப்போது கனக்கிறது, கண்மணி எங்கே வழுக்கிப் போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். சோம்பலையும் மயக்கத்தையும் அது குழப்பிக்கொண்டது. யாராவது எதையாவது நினைத்துக்கொண்டு நின்றால் ஆபத்து என்று கத்தியது. அவள் அதைச் சோதித்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்கு, என்னை மாதிரியே ரொம்ப அதிகப்பிரசங்கி" என்று சிரித்தாள்.

கடைசியில் அந்த வேலை எங்களுக்கு நிலைக்கவில்லை. முதல் பயணத்துக்குப் பழைய முறையே போதும், நெஞ்சுப் பெட்டியும் மணிக்கட்டுக் கண்ணாடியும் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. கம்பெனி மறுபடியும் சின்ன லென்ஸ்களுக்குத் திரும்பியது. அவள் வெளிநாட்டில் இதே வேலையைச் செய்யும் ஒரு குழுவுக்குப் போனாள். அவள் போன மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தனியாக வேனுக்கு நின்றபோது, இனி நிம்மதி என்று நினைத்தேன். வேனில் என் தோள் லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெகு நாள் கழித்து ஒரு மாலை வீடியோவில் கூப்பிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மாவிடம் சொட்டு மருந்தைப் பற்றி விசாரித்தாள். பிறகு என்னிடம், "எங்க டீம்ல ஒரு இடம் இருக்கு. உன் பேரைச் சொல்லியிருக்கேன். வரியா?" என்றாள்.

அவள் திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தாள்.

"இதுல உன் கண்ணு எங்க பாக்குதுன்னே தெரியலடி. கேமரா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வாயாலயே சொல்லிடேன்."

அவளுக்குத் தெரியவில்லை என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"உன் பக்கத்துல என்னால நிக்க முடியாது. உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமை. ஆரம்பத்துலேருந்தே."

"தெரியுமே" என்றாள் அவள். "அதனாலதான் கேக்கறேன்."

"கிண்டல் பண்ணாத."

"சத்தியமா இல்ல. இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. நான் என்ன சொன்னாலும் நம்பிடறாங்க. சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டுடறாங்க. எனக்குப் பயமா இருக்குடி. இவ எங்கயாவது தப்பு பண்ணியிருக்க மாட்டாளான்னு தேடறதுக்கு இங்க ஒருத்தர்கூட இல்ல. அதைப் போட்டுக்கிட்டு நிஜமாவே ஒருத்தர் வெளிய போகப் போறாங்க."

அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. என்னுள் எது அசிங்கம் என்று இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேனோ, அதை அவள் ஒரு வேலைக்குத் தேவையான கருவி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் போகவில்லை. அம்மாவைத் தனியாக விட முடியாது என்பது ஒரு காரணம். அது உண்மை. அவள் கண்ணெதிரே மறுபடியும் என்னால் இருக்க முடியாது என்பது இன்னொன்று. அதுவும் உண்மை. இரண்டையும் சொன்னேன். "சரி" என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

சமீபத்தில் அந்தக் குழு தங்கள் ஹெல்மெட்டின் படங்களை வெளியிட்டது. உடையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பயிற்சிக்கான தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறாள். முகத்துக்கு முன்னால், சற்றுக் கீழே, மெல்லிய வெளிச்சத்தில் வரிகள் தெரிகின்றன. லென்ஸை அமைத்தவள் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் யார் கை என்று எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கினேன். விளக்கு எங்கிருந்து அடிக்கிறது, கண்ணாடியின் ஓரத்தில் ஏதாவது படிகிறதா, அந்தப் பெண்ணின் கண் எங்கே நிற்கிறது என்று விடுமுறை நாள் முழுக்கப் பார்த்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. குழுவின் பக்கத்தில் இருந்த மற்றப் படங்களையும் தேடியெடுத்துப் பார்த்தேன்.

அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "எல்லாப் படத்தையும் பாத்துட்டேன். ஒரு தப்பும் கிடைக்கல."

அங்கே விடியற்காலையாக இருந்திருக்கும். ஆனாலும் உடனே பதில் வந்தது.

"இன்னும் நல்லாத் தேடு. அடுத்த மாசம் அவங்க மேல போறாங்க."

அம்மா கொண்டுவந்து கொடுத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் படத்தைத் திரும்பத் திறந்தேன்.